அம்மா சொன்னதுதான்

தம்பி, நீ சென்னைக்குப் போன பிறகு போனில் நாம் பேசுவது மூன்று கேள்விக்குள் முடிந்துவிடுகிறது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, வேலை எப்படி. மூன்றுக்கும் நீ "ம்" என்கிறாய். நான்காவது கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வருவதில்லை, நீயும் அது வருமோ என்று காத்திருந்துவிட்டு, "சரிம்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அதுவும் உன் பெயருக்கு மட்டும் அனுப்பாமல், நாலு பேர் படிக்கும் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். வீட்டு விஷயத்தை வாசல் தாண்டிப் பேசாதவள் உன் அம்மா, அது உனக்குத் தெரியும். நூலகத்தில் கூட வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு எனக்கு இவ்வளவு பெரிய மகன் இருப்பதே தெரியாது. பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றவள் என்பதால், நீ என்னை அழைத்துப்போக வந்த நாளில் தம்பியா என்று கேட்டார்கள், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். அப்படிப்பட்டவள் இதை எல்லோர் முன்னும் எழுதக் காரணம் ஒன்றே. நான் சொன்ன பொய்யை வாசலில் நின்று, தெரு கேட்கச் சொன்னேன். திரும்பப் பெறுவதை மட்டும் அடுப்படியில் முணுமுணுக்க முடியாது. உன் நண்பனைச் சலீம் என்று எழுதுகிறேன். அது அவன் பெயரில்லை. என் பெயரையும் போடவில்லை. அதுவும் பயம்தான், ஆனால் போட வேண்டிய இடத்தில் போட்டுவிட்டேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வண்டியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீ பாலிடெக்னிக் முடித்து மூலக்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, என் நூலகத்தின் காவலாளி ஏழுமலை அண்ணனிடம் அவருடைய பழைய பைக்கை வாங்கினோம். அந்தக் காலத்தில் மில்லில் வேலை பார்த்து, மில் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் பார்த்த மனுஷன். வண்டியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பெண்ணைக் கட்டிக்கொடுப்பதுபோலக் கொண்டுவந்து நிறுத்தினார். முன்விளக்குக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'அங்காளம்மன் துணை' என்று ஒட்டியிருந்தது. அவரே சங்கடப்பட்டுக்கொண்டு, "அம்மா பேரு இருக்குது, உங்களுக்குத் தோதுப்படாது, நானே பக்குவமா எடுத்துடறேன்" என்று நகத்தை வைத்தார். நான் தடுத்தேன். "இருக்கட்டும்ணா, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. மறுநாளிலிருந்து நூலகத்துக்கு வருகிறவர்களிடமெல்லாம், அவர் தெருவிலும், கோயில் வாசலிலும்கூட, "நம்ம மேடம் மாதிரி மனசு யாருக்கு வரும், எங்கம்மா பேரை எடுக்க வேணாம்னுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதைக் கேட்டு யார் யாரோ வந்து என்னைப் பாராட்டினார்கள். மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

நான் எதற்காக அதை விட்டுவைத்தேன் என்பது உனக்கும் உன் அத்தாவுக்கும் மட்டும்தான் தெரியும். வில்லியனூர் சாலையில் சாயங்காலம் சிவப்புத் தொப்பிப் போலீஸார் நின்றுகொண்டு எந்த வண்டியை ஓரம் கட்டுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்று நான் ஷேர் டெம்போவில் போகும்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தாடி வைத்த பையன்களை நிறுத்தினார்கள். ஹேண்டில்பாரில் பச்சைத் துணி கட்டிய வண்டியை நிறுத்தினார்கள். பிள்ளைச்சாவடிப் பக்கத்து மீனவப் பையன்கள் மூன்று பேர் ஒரே வண்டியில் வந்தால் நிறுத்தினார்கள், அது நியாயம். ஒருவனே ஹெல்மெட் போட்டு வந்தாலும் நிறுத்தினார்கள், அது எந்த நியாயம் என்று யாரும் கேட்கவில்லை. என் பிள்ளையை நிறுத்தக் கூடாது என்பது ஒன்றே என் எண்ணம். அத்தா அன்றைக்குத் தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "இன்னொருத்தர் கும்பிடற பேரை நாம கேடயமா மாட்டிக்கக் கூடாது. வேணும்னா மரியாதையா வச்சிக்க, இல்லைன்னா மரியாதையா எடுத்துக் குடுத்துடு." நான் அவரை விட்டு உன் பக்கம் திரும்பினேன். உனக்குத்தான் சொன்னேன். தாடியை மழித்துக்கொள், தொழுகைத் தொப்பியைச் சட்டைப்பையில் வை, வெளியே தெரிய வேண்டாம், பெயர் கேட்டால் முழுப்பெயரைச் சொல்லாதே, கூப்பிடும் பெயரைச் சொல். கடைசியாக ஒன்று சொன்னேன், அதை நீ மறந்திருக்க மாட்டாய். "நிறுத்தினா நில்லு. நிறுத்தலைன்னா திரும்பிப் பாக்காத."

நூலகத்தில் உட்கார்ந்து எவ்வளவோ படித்திருக்கிறேன். வெளிநாட்டில் கறுப்பு நிறப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள், பிள்ளைக்குக் கார் ஓட்டும் வயது வந்ததும், போலீஸ் நிறுத்தினால் இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வை, சட்டைப்பைக்குள் கை விடாதே, குரலை உயர்த்தாதே என்று பாடம் சொல்வதைப் படித்துவிட்டு, மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. யாரோ தூரத்துத் தாய்மார்களுக்காக அழுதவளுக்கு, தான் அதே பாடத்தை இரண்டு தெரு தள்ளி நடத்திக்கொண்டிருப்பது தெரியவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு உயிரோடு திரும்பி வரச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அத்தோடு, கூட வந்தவனை விட்டுவிட்டு வரவும் சொல்லிக்கொடுத்தேன்.

உழவர்கரையில் உன் பெரியம்மா வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திரும்பிய மதியம் நினைவிருக்கிறதா? நான் பர்தாவோடு உன் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அன்றுதான் முதல்முறையாக நிறுத்தினார்கள். வயதான ஏட்டு ஒருவர் ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஸ்டிக்கரைப் பார்த்தார். "முன்னால அங்காளம்மா, பின்னால பாய் வூட்டம்மா. எங்கடா தூக்கின வண்டியை?" என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நீ ஆர்.சி. புக்கை எடுத்து நீட்டினாய். பழைய வண்டி வாங்கியது, அதோடு வந்த ஸ்டிக்கர் என்று நான் சொன்னேன். "பிரிச்சிப் போட்டிருக்கலாமே?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. வீடு வரும்வரை யோசித்துக்கொண்டுதான் வந்தேன், ஆனால் என் புத்தி எங்கே போனது பார். ஸ்டிக்கரை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. என்னை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் நீ வண்டியில் முன்னால் போவாய், நான் டெம்போவில் பின்னால் வருவேன். சொந்தக்காரர்கள் கேட்டால் முதுகுவலி, பைக்கில் குலுங்கினால் ஆகவில்லை என்றேன். உன் பெரியம்மா எனக்காகத் தைலம் வாங்கி அனுப்பினாள். வலியில்லாத முதுகில் அந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டேன்.

இனி நடந்ததை நீதான் எனக்குச் சொன்னாய். அழுதுகொண்டே சொன்னதால் அங்கங்கே விட்டுவிட்டுச் சொன்னாய், சேர்த்து எழுதுகிறேன், தவறிருந்தால் திருத்து. நீயும் சலீமும் இருட்டும் முன்பே உன் கம்பெனிப் பக்கத்திலிருந்து ஆளுக்கொரு வண்டியில் கிளம்பினீர்கள். அவன் ஒரு வீட்டில் ஏசி பழுது பார்த்துவிட்டு, முதுகில் கருவிப்பையோடு வந்தான். நீ முன்னால், அவன் பின்னால். மூலக்குளத்தில் போலீஸார் கையசைத்து உன்னைப் போகச் சொன்னார்கள். அவனை ஓரம் கட்டச் சொன்னார்கள். அவன் கட்டினான். ஓடவில்லை, திருப்பவில்லை, ஹெல்மெட்டைக்கூட அவனே கழற்றினான். நீ போய்க்கொண்டே இருந்தாய். ஆனால் என் பாடத்தை முழுசாகக் கடைப்பிடிக்க முடியாமல், பேச்சு காதில் விழும் தூரத்தில் டீக்கடை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாய். அவர்கள் பையைத் திறந்து ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் ரோட்டில் கொட்டினார்கள். பெயர் கேட்டார்கள். சொன்னான்.

"இதெல்லாம் இன்னாத்துக்குடா?"

"ஏசி கழட்ட சார்."

"ஏசி கழட்டவா, ஆளைக் கழட்டவா?"

அதற்கு அவன் சிரித்துவிட்டான். சலீமைப் பற்றித்தான் தெரியுமே, யார் ஜோக் சொன்னாலும் மரியாதைக்காவது சிரிப்பான். இன்னா சிரிப்பு என்று கேட்டு அவர்களில் ஒரு இளவயசுப் போலீஸ்காரர் இடது காதோடு சேர்த்து அறைந்தார். நீ அங்கே நின்று பார்த்தாய். வண்டியைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீ என்னைக் கேட்டாய். அடி உனக்கும் விழுந்திருக்கும் என்றேன். அதைக் கேட்டு ஆறுதலடைந்தது நான்தான், நீ இல்லை.

சலீமின் செவிப்பறை கிழிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவன் அம்மா புகார் கொடுத்தாள். நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் ஓடப்பார்த்தான், வண்டியோடு விழுந்ததில் அடிபட்டது என்று போலீஸ் தரப்பில் எழுதிக் கொடுத்தார்கள். பார்த்த சாட்சி நீ ஒருவன்தான். டீக்கடைக்காரருக்கு நாளைக்கும் அங்கே கடை போட வேண்டும், அவர் பார்க்கவில்லை என்றுவிட்டார். அந்த வாரம் அத்தாவிடம் வழக்கமாக யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கிற காவலர் ஒருவர் கடைக்கு வந்தார். எப்போதும் "பாய்" என்று கூப்பிட்டு, உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறவர். ரம்ஜானுக்கு நம் வீட்டுக் கஞ்சி குடித்தவர். அவர் தணிந்த குரலில், பையனுக்கு வெளியூர் வேலை கிடைத்திருக்கிறதே, போலீஸ் சரிபார்ப்பு வரும், நாளைக்கு பாஸ்போர்ட் எடுத்தாலும் வரும், இதில் அவன் பெயர் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மிரட்டவில்லை தம்பி. நம் நல்லதுக்குத்தான் சொன்னார், அதை நான் இன்றும் நம்புகிறேன். ஒரு காவலரே, தன் பிள்ளையாக இருந்தால் என்ன சொல்வாரோ அதை நமக்குச் சொன்னார். அவருக்கே அவருடைய இலாகா மேல் அவ்வளவுதான் நம்பிக்கை இருந்தது. அத்தா யோசித்துச் சொல்லலாம் என்றார். நான் யோசிக்கவில்லை.

பிறகு அந்தக் காலை. சலீமின் அம்மாவும், அவர்கள் புகாரை நடத்துகிற வக்கீல் பெண்ணும் வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே வாருங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை. உன்னிடம் பேச வேண்டும் என்றார்கள். "அவன் அன்னிக்கு வேலைக்கே போகலை. ஜுரம். வூட்லதான் படுத்திருந்தான்" என்றேன். தெளிவாகச் சொன்னேன், குரல் பிசிறவில்லை. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நீ குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு எனக்குப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது. வக்கீல் பெண் என்னைத் தாண்டி உன்னைப் பார்த்து, "தம்பி, நீங்க சொல்லுங்க" என்றாள். நான் திரும்பினேன். நீ என்னைப் பார்த்தாய். சின்ன வயதில் மருந்தை நீட்டினால் குடிப்பதற்கு முன் என் முகத்தைப் பார்ப்பாயே, அந்தப் பார்வை. பிறகு சொன்னாய்.

"அம்மா சொன்னதுதான்."

நல்ல பிள்ளை என்று ஊர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்திருக்கிறது. அன்று உன் கீழ்ப்படிதலைப் பார்த்து, இப்படி ஒரு பிள்ளையை வளர்த்திருக்க வேண்டாமே என்று தோன்றியது. நீ எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், ஆனால் இரவில் தூக்கமாவது வந்திருக்கும். அடுத்த வாரம் நீ சென்னைக்குக் கிளம்பினாய். சலீமிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினாய். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நான் கையசைத்ததற்கு நீ பதிலுக்கு அசைத்தாய். பஸ் நகர்ந்த பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

நீ போன பிறகு நான் செய்ததை உனக்குச் சொல்ல வேண்டும். முதலில் ஏழுமலை அண்ணனிடம் போனேன். அவரிடம் போவதுதான் சுலபம் என்று நினைத்தேன், அது தப்புக்கணக்கு. உங்கள் அம்மன் மேல் உள்ள மரியாதைக்காக அல்ல, போலீஸுக்குப் பயந்துதான் அந்தப் பெயரை விட்டுவைத்தேன் என்று சொன்னேன். கேட் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். "தெரு பூரா சொல்லிட்டனேம்மா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. நான் கிளம்பத் திரும்பியபோது அவருக்கு லேசாகக் கோபம் வந்தது. "அது சரி, அந்த வண்டில என்னை எத்தினி வாட்டி நிறுத்தியிருக்கான் தெரியுமா? லுங்கி கட்டிக்கினு, இந்தக் கறுப்புல போனா எந்த சாமி பேரு ஒட்டினா இன்னா. ஊது, ஊதுன்னுவான். பீடி நாத்தம்தான் வரும், அதுக்கும் ஒரு திட்டு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் உன்னை விட்டது அந்தப் பெயரே இல்லை. இஸ்திரி போட்ட சட்டையும், கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையும், என்னிடமிருந்து உனக்கு வந்த கோதுமை நிறமும்தான். அவர் நம்புகிற பெயரை நான் திருடி மாட்டிக்கொண்டதில் ஒரு பயனும் இருந்திருக்கவில்லை. மறுநாள் அவர் எப்போதும்போல வணக்கம் வைத்தார். ஆனால் 'நம்ம' போய், வெறும் மேடம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். இப்போதும் அப்படித்தான்.

பிறகு சலீம் வீடு. படியேறும்போதே அவன் குரல் கேட்டது, யாரிடமோ போனில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இடம் மாற்றிப் போட்டான். "அந்தப் பக்கம் பேசுனா கேக்காது மாமி, இந்தப் பக்கம் குந்துங்க" என்றான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏசி வேலைக்குப் போகிறான், ஆனால் மிஷின் சத்தத்தை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பானே, அது இப்போது முன்போல வருவதில்லையாம். அதையும் ஜோக்காகத்தான் சொன்னான். அவன் அம்மாவிடம் அடுப்படியில் நின்று, அன்று நான் சொன்னது பொய் என்றேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்டி. ஜுரம்னு சொன்னியே, அன்னிக்குக் காலைல உம்புள்ள எங்க வூட்லதான் இடியாப்பம் துன்னுட்டுப் போனான். எம்மா, இன்னும் ரெண்டு வைன்னு கேட்டு வாங்கித் துன்னான்."

அப்போதே ஏன் சொல்லவில்லை அக்கா என்று கேட்டேன். "வக்கீல் எதிர்ல உன்னைப் பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா? ஒரே தெருல இருக்கறோம்" என்றாள். தன் பிள்ளையின் காதுக்கான நியாயம் என் வாசலில் நின்றபோது, அவள் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாள். இதை எழுதும்போதும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குழம்பு ஊற்றி ஒரு கிண்ணம் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு வந்தேன். கிண்ணத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, வெறுங்கிண்ணமாகக் கொண்டுபோக மனம் வரவில்லை.

அங்கிருந்து வக்கீல் பெண்ணிடம் போனேன். அன்று வாசலில் சொன்னது பொய், என் மகன் அந்தச் சாலையில்தான் இருந்தான், அவனைப் பேசவிடாமல் செய்தவள் நான் என்று சொல்லி, என் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை அந்தப் புகார் மேல் விசாரணை. நான் போகிறேன். நான் பார்த்தவள் இல்லை, என் வார்த்தைக்கு அங்கே எடை குறைவு என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். ஆனால் அன்றைக்கு ஏன் சாட்சி கிடைக்கவில்லை என்பதையாவது நான் சொல்லலாம், அது எனக்கு நேரடியாகத் தெரிந்ததுதான். தையல் கடைக்கு வந்த அந்தக் காவலரின் பெயரை நான் சொல்ல மாட்டேன். அது சரியா தவறா என்று தெரியவில்லை, அத்தாவும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அவருடைய பேன்ட் ஒன்று தைத்து முடித்துக் கடையில் தொங்குகிறது. வாங்கிப்போக அவர் இன்னும் வரவில்லை.

உன் வேலைக்கு இதனால் பங்கம் வருமா என்று கேட்பாய். வரலாம். வராது என்று சொல்லி இன்னொரு பொய் சேர்க்க மாட்டேன். பாஸ்போர்ட் தாமதமாகலாம், யாரோ ஒருவர் உன் பெயருக்கு எதிரே ஒரு கோடு போடலாம். அந்தப் பயம் எனக்கு இன்னும் போய்விடவில்லை. ஆனால் பயத்தோடு வாழ்வது வேறு, பயத்தைப் பிள்ளைக்கு நல்லொழுக்கம் என்று பெயர் வைத்து ஊட்டுவது வேறு. இரண்டாவதை நான் உன் இருபது வருடத்திலும் செய்திருக்கிறேன். தாடி வை என்று இனி சொல்லவும் மாட்டேன், எடு என்று சொல்லவும் மாட்டேன். உன் முகம், உன் பெயர்.

திங்கட்கிழமை வா என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுத எழுதத் தெரிகிறது, அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நான் சொல்லி நீ வந்தால் அதுவும் அம்மா சொன்னதுதான் என்று ஆகிவிடும். அந்தச் சாலையில் நின்று பார்த்தவன் நீ. அதைச் சொல்வதா வேண்டாமா என்பதை அன்று உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன், இப்போது திருப்பி வைக்கிறேன், அவ்வளவே. வராவிட்டால் போனில் அதே மூன்று கேள்வியைக் கேட்பேன், நீ "ம்" என்றால் போதும்.

ஸ்டிக்கரை வெந்நீர் ஊற்றி, கிழியாமல் எடுத்து, ஏழுமலை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வண்டியில் அது இருந்த இடத்தில் வெயில் படாத நீளமான தடம் ஒன்று தெரிகிறது, அது போகாது போலிருக்கிறது. வண்டி வாசலில் நிற்கிறது, சாவி வழக்கமான ஆணியில். திங்கட்கிழமை காலை சலீமின் அம்மாவோடு டெம்போவில் போவதாக ஏற்பாடு. நீ வந்தால் அவள் டெம்போவில் போகட்டும். நான் பர்தாவோடு உன் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். நிறுத்தினால் நிற்போம்.